வில்லில் ஏறும் பிசின்

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து மேற்கே 8 கிலோமீட்டர் போனால் செண்பகத்தோப்பு. தென்னையும் மாவும் முடிகிற இடத்தில் மலை எழும்புகிறது. அடிவாரத்தில் பளியர் பழங்குடியினரின் குடியிருப்பு, அதைத் தாண்டினால் வனத்துறையின் எல்லை. சாம்பல் நிற அணிலுக்காக 1988இல் சரணாலயமான காடு இது. 2021இல் மேகமலையோடு சேர்ந்து புலிகள் காப்பகமானது. கீழே முள்காடு, ஓடையோரம் அடர்ந்த மரங்கள், உச்சியை நெருங்க நெருங்க ஈரக் காடு என்று ஒரே மலையில் பல காடுகள் அடுக்கடுக்காக நிற்கின்றன. மேற்குத் தொடர்ச்சி மலையின் இத்தகைய ஈரக் காடுகளுக்குரிய மரம் கருங்குங்கிலியம். தளிர்க்கும் பருவத்தில் அதன் இளம் இலைகள் செக்கச்செவேலென்று இருக்கும். பட்டையில் காயம் பட்டால் பிசின் வடிந்து, காற்றுப் பட்டுக் கறுத்து இறுகும். தேன், கல்பாசி, கடுக்காய், நெல்லிக்காய் ஆகியவற்றோடு இந்தப் பிசினும் பளியர்கள் தலைமுறை தலைமுறையாக மலையிலிருந்து இறக்கி வரும் பொருள்.

மேற்கத்திய இசைக்குழுவில் ஆகப் பெரிய வில் வாத்தியமான டபுள் பேஸ் ஒலிப்பதற்கும் ஒரு மரத்தின் பிசின்தான் வேண்டும். அது பைன் மரத்துப் பிசின், காய்ச்சி, வடித்து, இறுக்கியது, பெயர் ரோசின். எந்த ரோசினை வாங்குவது, எப்படி வில்லில் ஏற்றுவது என்பது டபுள் பேஸ் கலைஞர்கள் ஓயாமல் பேசும் விஷயம். அந்தப் பேச்சில் பெரும்பகுதி குளிர் நாடுகளில் நடக்கிறது. சித்திரை வெயிலில் 38 டிகிரியைத் தொடும் ஒரு நிலத்தில் அதே பேச்சை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. ரோசின் என்பது வெப்பத்துக்குக் கட்டுப்பட்ட பொருள். அதைத் தேர்ந்தெடுக்கும்போது தயாரித்தவரின் பெயரைவிட வாசிக்கும் ஊரின் வெயில்தான் முதலில் பார்க்கப்பட வேண்டும்.

பிசினைத் தமிழ்நாட்டுக்கு யாரும் புதிதாக அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. அறுபத்துமூன்று நாயன்மாரில் ஒருவர் குங்கிலியக் கலயர். திருக்கடவூர்க் கோவிலில் குங்கிலியத் தூபம் போடுவதையே தொண்டாகக் கொண்டவர். வறுமை முற்றிய நாளில், நெல் வாங்கி வரும்படி மனைவி கழற்றிக் கொடுத்த தாலிக்கும் குங்கிலியமே வாங்கினார் என்று பெரியபுராணம் சொல்கிறது. சித்த மருத்துவத்தில் குங்கிலியப் பற்பம் உண்டு. தோணிகளின் பலகை இடுக்கில் தண்ணீர் புகாமல் அடைக்கக் குங்கிலியத்தை எண்ணெயில் காய்ச்சிப் பூசினார்கள். நகைப் பட்டறையில் தகட்டைப் பதித்து வேலை செய்யும் அரக்கிலும் பிசின் சேரும். புகைக்க, அடைக்க, ஒட்ட, ஆற்ற என்று இத்தனைக்கும் பயன்பட்ட பொருள், இந்த வட்டாரத்தின் சொந்த வில்லில் மட்டும் ஏறவில்லை.

அதற்குக் காரணம் எளிது. தென்மாவட்டங்களின் வில்லுப்பாட்டில் வில்லை யாரும் இழைப்பதில்லை. குடத்தின் மேல் வில்லைக் கிடத்தி, நாணை வீசுகோலால் அடிக்கிறார்கள். சாத்தூர் பிச்சைக்குட்டியின் வில்லிசையைக் கேட்டு வளர்ந்த தலைமுறைக்கு, வில் என்றால் அடித்து எழுப்பும் தாளமும் மணிகளின் குலுங்கலும்தான். அடிக்கும் நாணுக்குப் பிசின் தேவையில்லை. இழைக்கும் வில்லுக்குத்தான் அது உயிர்.

இழைக்கும் வில் இங்கே வேரூன்றியது வயலினோடு. முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் சென்னையை அடுத்த மணலியில் இருந்த காலத்தில் ஐரோப்பியர் ஒருவரிடம் வயலின் கற்றார். பிறகு எட்டயபுரம் சமஸ்தான வித்வான் ஆனார். கரிசல் மண்ணில், செண்பகத்தோப்பிலிருந்து ஒரு நாளில் போய்வரும் தொலைவில் இருக்கிறது அந்த எட்டயபுரம். தஞ்சை நால்வரில் ஒருவரான வடிவேலுவுக்குத் திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாள் 1834இல் தந்தத்தால் செய்த வயலினைப் பரிசளித்தார். அந்த நூற்றாண்டு முடிவதற்குள் வயலின் கர்நாடக மேடையின் பிரிக்க முடியாத அங்கமாகிவிட்டது. வயலின் குடும்பத்தோடு ஒட்டி நிற்கும் டபுள் பேஸுக்கோ அந்த இடம் கிடைக்கவில்லை. தரையில் அமர்ந்து வாசிக்கும் மரபில், ஏறக்குறைய ஆறடி உயரமுள்ள வாத்தியத்தை நின்றுகொண்டோ உயரமான ஸ்டூலில் உட்கார்ந்தோ வாசிப்பவருக்கு எங்கே இடம்?

இடம் கொடுத்தது சினிமா. சென்னை ஸ்டூடியோக்களின் இசைக்குழுக்களில் டபுள் பேஸ் பல பத்தாண்டுகள் இருந்தது. ஆனால் அங்கே அதைப் பெரும்பாலும் விரலால் மீட்டினார்கள். ஜாஸிலிருந்து வந்த பழக்கம் அது. மெல்லிசைப் பாட்டின் அடியில் நடைபோடும் கனத்த சுரத்துக்கு விரல் போதும். பிறகு பேஸ் கிடாரும் சிந்தசைசரும் அந்த வேலையை எடுத்துக்கொண்டன. வில்லால் இழைத்த டபுள் பேஸின் நீண்ட, ஆழ்ந்த ஒலியைத் தமிழ் ரசிகர்கள் பின்னணி இசையில்தான் அதிகம் கேட்டிருக்கிறார்கள், பெரும்பாலும் அதன் பெயர் தெரியாமலே. சென்னையில் ஏ. ஆர். ரஹ்மான் 2008இல் தொடங்கிய கே. எம். இசைக் கல்லூரி, மேற்கத்தியத் தந்தி வாத்தியங்களை முறையாகக் கற்க இங்கேயே ஒரு வாசலைத் திறந்தது. 2025 மார்ச் 8 அன்று லண்டனில் இளையராஜாவின் ‘வேலியன்ட்’ சிம்பொனி அரங்கேறியது. அவர் பிறந்த பண்ணைப்புரம், செண்பகத்தோப்பு மலைகளுக்கு அந்தப் புறம், கம்பம் பள்ளத்தாக்கில் இருக்கிறது.

இனி வில்லுக்கு வரலாம்.

புதிதாகக் குதிரைவால் மயிர் பூட்டிய வில்லை, பிசின் ஏற்றாமல் தந்தியில் இழைத்தால் ஏறக்குறைய ஒன்றுமே கேட்காது. காற்று உரசுவதுபோன்ற ஒரு முனகல், அவ்வளவுதான். மயிரில் கண்ணுக்குத் தெரியாத செதில்கள் இருக்கின்றன, அவைதான் தந்தியைப் பிடித்து இழுக்கின்றன என்று நெடுநாளாக ஒரு நம்பிக்கை உண்டு. பிடிப்பது உண்மையில் பிசின். வில் நகரும்போது பிசின் ஏறிய மயிர் தந்தியைப் பற்றிக்கொண்டு தன்னோடு இழுத்துச் செல்கிறது. தந்தியின் விறைப்பு கூடிக்கொண்டே போய், ஒரு கட்டத்தில் பிடி விடுகிறது. தந்தி சட்டென்று பின்னால் வழுக்குகிறது, மறுபடி பற்றிக்கொள்கிறது. கிணற்று ராட்டினம் கிறீச்சிடுவதும், எண்ணெய் காணாத கதவுக் கீல் முனகுவதும் இதே பற்றலும் வழுக்கலும்தான். வில்லில் அது ஒழுங்குக்கு வந்து, ஒரே கால இடைவெளியில் திரும்பத் திரும்ப நடக்கும்போது சுரமாகிறது. டபுள் பேஸின் ஆகத் தடித்த தந்தி நொடிக்கு 41 முறை அதிர்கிறது. அதாவது, 4 நொடி நீளும் ஒரே இழைப்பில் பற்றுவதும் விடுவதும் 160 தடவைக்கு மேல் நடந்து முடிகிறது. தொடக்கத்தில் அவற்றில் ஒன்றிரண்டு தவறினாலும் சுரத்தில் கரகரப்பு தட்டும்.

இந்த அசைவின் வடிவத்தை 1860களில் ஜெர்மானிய அறிவியலாளர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் கண்டு சொன்னார். அதை ஆழமாக எடுத்துச் சென்றவர் திருச்சியில் 1888இல் பிறந்த ஒரு தமிழர். சி. வி. ராமன் என்றால் ஒளிச்சிதறல், 1930 நோபல் பரிசு என்றே பள்ளிப் புத்தகங்கள் நின்றுவிடுகின்றன. அதற்கு முந்தைய ராமன் வில்லும் தந்தியுமாகவே பல ஆண்டுகள் கழித்தவர். தந்தை சந்திரசேகர ஐயர் வயலின் வாசிப்பவர். வீட்டிலேயே அந்த ஒலி இருந்தது. கல்கத்தாவில் நிதித்துறை அதிகாரியாக இருந்துகொண்டே, அலுவலகம் போகும் முன்னும் வந்த பின்னும் இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தின் ஆய்வுக்கூடத்தில் வேலை செய்தார். செல்லோவிலும் வயலினிலும் சில சுரங்களில் மட்டும் எழும் உறுமலை, இசைக்காரர்கள் ஓநாய்ச் சுரம் என்று அழைப்பதை, 1916இல் ஆராய்ந்து எழுதினார். வில்லால் இழைக்கும் தந்திகளின் அதிர்வு பற்றிய அவருடைய பெரிய ஆய்வேடு 1918இல் வந்தது.

அதன்பின் 1920ஐ ஒட்டி ராமன் செய்த சோதனை இந்தக் கட்டுரைக்கு மிக நெருக்கமானது. மனிதக் கை எப்போதும் ஒரே அழுத்தத்தில், ஒரே வேகத்தில் இழைக்காது. அதனால் அவர் கையை விலக்கிவிட்டார். வில்லை ஓரிடத்தில் நிறுத்தி, வயலினை நகரும் அமைப்பில் ஏற்றி, இயந்திரத்தால் முன்னும் பின்னும் ஓட்டினார். ஒரு சுரம் உடையாமல் ஒலிக்க வில்லுக்குக் குறைந்தது எவ்வளவு அழுத்தம் வேண்டும் என்று அளந்தார். வில்லின் வேகம் கூடினால் அழுத்தமும் கூட வேண்டும். வில், தந்திகளைத் தாங்கும் குதிரையை நெருங்க நெருங்க அழுத்தம் இன்னும் வேகமாகக் கூட வேண்டும் என்று அந்த அளவைகள் காட்டின. தந்தியின் இசையில் உராய்வுக்கு இருக்கும் பங்கை எண்ணாக எழுதிப் பார்த்தவர்களில் அவர் முன்னோடி. இன்றும் இத்துறையில் எழுதுகிறவர்கள் ராமனிலிருந்துதான் தொடங்குகிறார்கள். தமிழ் இசை உலகம் இந்த ராமனை இன்னும் போதிய அளவு கொண்டாடவில்லை என்பது வருத்தத்துக்குரியது.

ராமனுக்குப் பிறகு நெடுங்காலம் ஆய்வாளர்கள் ஓர் எளிய கணக்கை வைத்திருந்தார்கள்: வழுக்கும் வேகம் கூடினால் உராய்வு குறையும். 2000இல் கேம்பிரிட்ஜைச் சேர்ந்த ஸ்மித், உட்ஹவுஸ் இருவரும் ரோசின் பூசிய பரப்புகளை உராயவிட்டு அளந்தபோது கதை மாறியது. உராய்வை ஆள்வது வெறும் வேகமில்லை, தொடும் இடத்தின் வெப்பநிலை. தந்தி வழுக்கும் அந்தச் சிறு கணத்தில் சூடு பிறக்கிறது, ரோசின் இளகுகிறது, பிடி தளர்கிறது. தந்தி மீண்டும் பற்றும் கணத்தில் சூடு இறங்குகிறது, ரோசின் இறுகுகிறது, பிடி வலுக்கிறது. ரோசினின் சிறப்பே இந்த இளகலும் இறுகலும் சாதாரண அறை வெப்பத்துக்குச் சற்று மேலேயே நடப்பதுதான். மெழுகு எப்போதுமே வழுக்கும், பசை எப்போதுமே ஒட்டும். இரண்டையும் நொடிக்குப் பல பத்து முறை மாறி மாறிச் செய்யக்கூடியது ரோசின்.

வாசிக்கும் அறையே ஏற்கெனவே அந்த எல்லையை நெருங்கிக் கொதித்துக்கொண்டிருந்தால் என்ன ஆகும் என்பதை ஸ்ரீவில்லிபுத்தூரிலோ ராஜபாளையத்திலோ வைகாசி மதியத்தில் இருந்தவருக்கு விளக்க வேண்டாம்.

டபுள் பேஸுக்கு இது ஏன் வயலினைவிடப் பெரிய சிக்கல்? வயலின் தந்தி மெல்லியது, இலேசானது. கெட்டியான ரோசின் தூளே அதைப் பிடிக்கப் போதும். டபுள் பேஸின் தந்தி ஒரு மீட்டருக்கு மேல் நீளம், வயலின் தந்தியைவிடப் பல மடங்கு கனம். அதை அசைக்க வில்லும் கனமாக வேண்டும். வயலின் வில் 60 கிராம் அளவில் இருந்தால் டபுள் பேஸ் வில் அதைப்போல் இரு மடங்குக்கும் மேல். பிடியும் அந்த அளவு வலுவாக வேண்டும். ஆகவே டபுள் பேஸ் ரோசினை மென்மையாகவும் ஒட்டும் தன்மையோடும் செய்கிறார்கள். பைன் ரோசினை உருக்கி, எண்ணெய், மெழுகு, வேறு பிசின்கள் சேர்த்து, எவ்வளவு நேரம் அடுப்பில் வைப்பது என்று பார்த்து இறக்குவது ஒவ்வொரு தயாரிப்பாளரும் வெளியே சொல்லாத கைப்பக்குவம். ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா கிண்டுகிறவர் விறகைத் தள்ளுவதிலும் இழுப்பதிலும் பதத்தைக் கணிப்பதுபோல, ரோசினிலும் சூடு சற்றே மாறினால் பொருளே வேறாகிவிடும். மென்மை கூட்டிச் செய்ததாலேயே அது இளகும் எல்லை இன்னும் கீழே வந்துவிடுகிறது. வயலின் ரோசின் தாங்கும் வெயிலை டபுள் பேஸ் ரோசின் தாங்காது.

உலகெங்கும் டபுள் பேஸ் கலைஞர்கள் வாயில் புழங்கும் பெயர்கள் சில. அமெரிக்காவின் பாப்ஸ் மிக மென்மையானது, தொட்டால் விரலில் ஒட்டும். அதைக் கிண்ணத்தில் ஊற்றி விற்பதற்குக் காரணம் உண்டு: சாய்த்து வைத்தால், வெயில் பட்டால், மெல்ல மெல்ல வழிந்து பெட்டிக்குள் பரவிவிடும். சுவீடனின் கார்ல்சன் அதைவிடக் கெட்டி, நைமன் இரண்டுக்கும் நடுவில். அமெரிக்காவின் கோல்ஸ்டைன் ஒரே பெயரில் மென்மை, எல்லாப் பருவத்துக்கும் ஏற்றது, கெட்டி என்று மூன்று தரங்கள் தருகிறது. அந்த மூன்றாகப் பிரித்த ஏற்பாடே பருவநிலையை ஒப்புக்கொள்கிற ஏற்பாடு. நிறத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பவர்கள் நிறையப் பேர். கறுப்பு என்றால் மென்மை, பொன்னிறம் என்றால் கெட்டி என்று ஒரு சூத்திரம் உலவுகிறது. நிறத்தை மட்டும் நம்பி வாங்குவது சரியில்லை. காய்ச்சிய நேரம், சேர்த்த பொருள், பிசின் எடுத்த பருவம் எல்லாமே நிறத்தை மாற்றும். நகத்தால் அழுத்திப் பார்ப்பதுதான் நம்பகமான சோதனை. கோடையில் நகம் எளிதாகப் பதியும் ரோசின், கோடையில் வாசிக்க ஏற்றதல்ல.

தமிழ்நாட்டுச் சமவெளிக்கு இந்த விஷயத்தில் ஒரு தெளிவான முடிவு சொல்லலாம். ஆண்டின் பெரும்பகுதிக்குக் கார்ல்சன் போன்ற கெட்டி வகையே பொருந்தும். ஆகக் குளிர்ந்த மார்கழி, தை மாதங்களிலும், குளிரூட்டிய ஒலிப்பதிவுக் கூடங்களிலும் அதன் மேல் மென்மையானதை ஒன்றிரண்டு இழுப்பு ஏற்றிக்கொள்ளலாம். கெட்டியை அடித்தளமாக வைத்து மென்மையை மேலே ஏற்றும் இந்தப் பழக்கம் வெளிநாட்டுக் கலைஞர்களிடமும் உண்டு. இங்கே இன்னொரு தொல்லை: வாத்தியம் 38 டிகிரி வெயிலில் வேனில் வந்து, 22 டிகிரி கூடத்தில் இறங்கும். அரை மணி நேரம் பொறுத்து, வில்லும் ரோசினும் அந்தக் குளிருக்குப் பழகிய பிறகு ஏற்றுவதே நல்லது. வெயிலில் தாராளமாகப் பூசிக்கொண்டு உள்ளே போனால், உள்ளே போனதும் பிசின் இறுகித் தூளாக உதிரும்.

ஏற்றும் முறையிலும் வயலினும் டபுள் பேஸும் பிரிகின்றன. வயலின் கலைஞர் ரோசின் கட்டியின் மேல் வில்லை முன்னும் பின்னும் இழைப்பார். டபுள் பேஸின் மென்மையான ரோசினில் அப்படிச் செய்தால் மயிர் கட்டிக்குள் புதைந்து, சில இடத்தில் உருண்டையாகவும் சில இடத்தில் வெறுமையாகவும் ஏறும். ஆகவே ஒரே திசையில், கைப்பிடிப் பக்கத்திலிருந்து நுனியை நோக்கி, நடுவில் நிற்காமல் இழுக்க வேண்டும். மெதுவாக ஊர்ந்தால் ஒட்டிக்கொள்ளும். சற்று வேகமும் நிலையான அழுத்தமும் வேண்டும். நடுவழியில் நின்றுவிட்டால் அந்த இடத்தில் பிசின் திட்டாகிவிடும், அது சுரத்தில் ஒவ்வொரு இழைப்பிலும் தெரியும். மூன்று, நான்கு இழுப்பு போதும். ஒவ்வொரு இழுப்புக்கும் கட்டியைச் சற்றுத் திருப்பிக்கொண்டால் பள்ளம் விழாது. கைப்பிடியை ஒட்டிய இரண்டு அங்குலத்தைப் பலர் மறந்துவிடுகிறார்கள். கனத்த சுரம் தொடங்குவதே பெரும்பாலும் அந்த இடத்தில்தான்.

அதிகம் ஏற்றினால் ஒலி பெருகும் என்று நினைப்பது தொடக்கக் கலைஞர்களிடம் இயல்பு. பெருகுவது கரகரப்பு. பிடி மிகும்போது தந்தி விடுபட வேண்டிய நேரத்தில் விடுபடாது. துள்ளி வாசிக்கும் வேகமான பகுதிகளில் வில் தந்தியிலேயே தங்கிவிடும். போதவில்லை என்றால் வில் வழுக்கும், சுரம் காற்றாகப் போகும். இரண்டுக்கும் நடுவே அவரவர் கைக்கும் தந்திக்கும் பொருந்தும் ஓர் அளவு இருக்கிறது. மயிரும் இதில் சேர்த்தி. வெள்ளை மயிரைவிடக் கறுப்பு மயிர் தடித்தது, முரடானது. டபுள் பேஸில் பலர் அதை விரும்புவது அந்தப் பிடிக்காகத்தான். கறுப்பு மயிர் பூட்டியவர் மிக மென்மையான ரோசினைத் தேட வேண்டிய தேவை குறைவு. ஐப்பசி, கார்த்திகை மழையில் குதிரைமயிர் ஈரத்தை உறிஞ்சி நீளும். வில்லை வழக்கம்போல் முறுக்கியும் தளர்வாக இருப்பதாகத் தோன்றினால், ரோசினைக் குறை சொல்லும் முன் மயிரைப் பார்ப்பது நல்லது. வாசித்து முடித்ததும் மயிரைத் தளர்த்தி வைப்பதை எந்தப் பருவத்திலும் தவறவிடக் கூடாது.

வாசித்து முடித்த உடனே தந்திகளையும் வாத்தியத்தின் மேல் பலகையையும் உலர்ந்த துணியால் துடைத்துவிட வேண்டும். குளிர் நாடுகளில் ரோசின் தூள் தூளாகவே கிடக்கும். நம் வெயிலில் அது வார்னிஷோடு இளகிச் சேர்ந்துவிடும். சேர்ந்த பிறகு சாராயக் கரைசலால் துடைத்தால் ரோசின் போகும், கூடவே வார்னிஷும் போகும். பழைய வாத்தியங்கள் பலவற்றில் குதிரையைச் சுற்றிக் கருத்த படலம் கட்டியிருப்பது இந்த அலட்சியத்தால்தான். மென்மையான ரோசினுக்கு ஆயுளும் குறைவு. அதிலுள்ள எண்ணெய் மெல்ல ஆவியாகி, காலப்போக்கில் கட்டி கெட்டிப்பட்டு உதிரும். பெட்டிக்குள் பத்திரமாக இருக்கிறது என்று பல ஆண்டு பழைய கட்டியை எடுத்துப் பூசி, வில்லைச் சந்தேகிப்பதில் பயனில்லை.

ரோசின் வரும் பைன் மரம் தமிழ்நாட்டில் இயற்கையாக வளர்வதில்லை. கொடைக்கானலிலும் உதகையிலும் நிற்பவை நட்டு வளர்த்தவை. இந்தியாவின் ரோசின் இமயமலை அடிவாரத்து சிர் பைனிலிருந்து வருகிறது; இமாச்சலமும் உத்தரகண்டும் அதன் களம். பட்டையில் ஆழமில்லாத சாய்வு வெட்டுகள் போட்டு, அமிலக் கரைசல் தெளித்து, கீழே கிண்ணம் வைத்துப் பிசினை வடிக்கிறார்கள். அதைக் காய்ச்சினால் டர்பன்டைன் ஆவியாகப் பிரியும். அடியில் தங்குவது ரோசின். நிறத்தைப் பார்த்து எழுத்துகளால் தரம் பிரித்துச் சந்தைக்கு வரும் அந்த ரோசினில் வில்லுக்குப் போவது மிகச் சிறு பங்கு. பெயின்ட், காகிதம், பசை, சாலிடரிங் என்று மற்றவற்றுக்கே பெரும்பங்கு போகிறது. இயந்திரங்களில் வழுக்கும் தட்டைப் பெல்ட்டுக்குப் பிடி கொடுக்க ரோசின் கலந்த பூச்சைப் பூசுவது உலகெங்கும் ஆலைகளில் இருந்த பழைய வழக்கம். 1936இல் ராஜபாளையம் மில்ஸ் தொடங்கியதிலிருந்து நூற்பாலைகளால் வளர்ந்த ராஜபாளையத்தில், பெல்ட்டும் பிடியும் என்னவென்று தெரிந்தவர்கள் நிறைய உண்டு.

அப்படியானால் மலையில் கிடைக்கும் குங்கிலியத்தையே வில்லில் தேய்த்துவிடலாமே என்ற கேள்வி எழும். நேரடியாக முடியாது. ரோசினின் முதுகெலும்பு அபியடிக் அமிலம் முதலிய, 20 கார்பன் அணு கொண்ட அமிலங்கள். குங்கிலியத்தில் மிகுந்திருப்பவை 30 கார்பன் அணு கொண்ட வேறு குடும்பத்துச் சேர்மங்கள். அவை உருக இன்னும் அதிகச் சூடு வேண்டும், உடைந்தால் நொறுங்கும். ஓவியத்துக்குப் பளபளப்பான வார்னிஷ் தரும் குணமும் இதிலிருந்தே வருகிறது. வில்லுக்கு அது தனியாக உதவாது. ஆனால் அந்தக் குறையே வெப்ப மண்டலத்துக்கு ஒரு வாய்ப்பு. மென்மையான டபுள் பேஸ் ரோசின் நம் வெயிலில் இளகுவதுதான் சிக்கல் என்றால், அதிகச் சூட்டில் உருகும் பிசினைச் சிறு அளவில் சேர்த்து அதன் எல்லையை உயர்த்திப் பார்க்கலாம். ஐரோப்பியத் தயாரிப்பாளர்கள் லார்ச் மரப் பிசினையும் தேன்மெழுகையும் சேர்த்துப் பதம் பார்க்கிறார்கள். செண்பகத்தோப்பு மலையில் பளியர் இறக்கும் தேனடையிலிருந்தும் மெழுகு கிடைக்கிறது. சிர் ரோசின், கருங்குங்கிலியம், தேன்மெழுகு மூன்றும் இந்த நாட்டிலேயே இருக்கின்றன.

இதில் மரத்தின் நலனையும் பேசாமல் விட முடியாது. கருங்குங்கிலியத்தின் பிசினை எடுக்க ஊருக்கு ஊர் முறை மாறுகிறது. நீலகிரி உயிர்க்கோளப் பகுதியில் அனிதா வர்கீஸும் தமாரா டிக்டினும் செய்து 2008இல் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாகப் பதிவு செய்திருக்கிறது. சில சமூகத்தார் தானாக வடிந்து இறுகியதை மட்டும் பொறுக்குகிறார்கள். வேறு இடங்களில் அடிமரத்தை வெட்டி, தீ மூட்டி வடிக்கிறார்கள். கூடுதல் பிசின் கிடைக்கும், மரம் தளரும். 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் பழங்குடியினருக்குச் சிறுவனப் பொருட்களின் மேல் உரிமை தந்திருக்கிறது. மலையில் ஏறி இறங்குகிறவருக்கு நல்ல விலை கிடைத்தால், மரத்தை வருத்தாத முறை நிலைக்கும். கொள்முதல் விலையை யார் தீர்மானிக்கிறார்கள் என்பதில்தான் அந்த மரத்தின் ஆயுளும் இருக்கிறது.

ராமன் நூறாண்டுக்கு முன்பு செய்த சோதனைக்கு ஒரு வயலினும் ஒரு வில்லும் நகரும் தட்டும் போதுமாக இருந்தன. அதோடு ஒரு வெப்பமானியைச் சேர்த்தால், ரோசின் கலவை ஒவ்வொன்றும் 25 டிகிரியில் எப்படி, 38 டிகிரியில் எப்படிப் பிடிக்கிறது என்று அளந்துவிடலாம். கிருஷ்ணன்கோவிலில் உள்ள கலசலிங்கம் பல்கலைக்கழகத்தின் இயற்பியல் ஆய்வுக்கூடத்துக்கோ ராஜபாளையத்துக் கல்லூரிகளுக்கோ இது எட்டாத வேலையில்லை. ஒரு முதுகலை மாணவர் ஒரு பருவத்தில் செய்து முடிக்கக்கூடிய ஆய்வு. சென்னையில் டபுள் பேஸ் கற்பிக்கும் ஆசிரியர்கள் வில்லோடு வந்து உதவ வேண்டும். குங்கிலியத்தைப் பளியரிடமே, தானாக வடிந்ததா என்று கேட்டு, அவர்கள் சொல்லும் விலைக்கு வாங்குங்கள்.